தராசில் ஒரு சிசு

காலத்துக்கு முந்தி, ஒன்றரைக் கிலோவும் நிறையாமல் ஒரு சிசு பிறக்கிறது. அதன் இருதயத்திலோ உணவுக்குழாயிலோ பிறவிக்குறை வேறு. அதைப் பிழைக்க வைக்க முயல்வது தர்மமா, வேதனையை நீட்டிக்கும் கொடுமையா?

மேல்நாட்டில் இது பழைய வழக்கு. 1982இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், டவுன் நோய்க்குறியோடும் அடைபட்ட உணவுக்குழாயோடும் பிறந்த குழந்தையொன்றுக்குப் பெற்றோர் சத்திரசிகிச்சையை மறுத்தனர், நீதிமன்றமும் இசைந்தது. ஆறாம் நாள் குழந்தை இறந்தது. குழாயைச் சீராக்கும் வித்தை வைத்தியரிடம் இருந்தது. அறிவு குன்றிய உயிர் எதற்கு என்ற எண்ணமே குறுக்கே நின்றது.

இதே கேள்வியை ஈச்சிலம்பற்றில் வைத்துப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி, வெருகல் ஆற்றங்கரை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, கரையோர வழியே நகரத்து வைத்தியசாலைக்குப் போக மிதவைப்பாதைக்குக் காத்து நிற்கவேண்டும். அங்கே ஒரு கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் நோவு கண்டால், சிகிச்சை தகுமா தகாதா என்று எவர் விவாதிப்பார்? தூரமே தீர்ப்பளித்துவிடும். பாலங்கள் வந்தபின்னும், சிசுவின் இருதயத்தைச் சீராக்கக் கொழும்பு போன்ற தொலைநகரங்களையே நாட வேண்டியிருக்கிறது.

விதி என்பாருக்கு ஒரு கணக்கு: 1945இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஏறத்தாழ 140 ஓராண்டுக்குள் மாண்டன. இலவச வைத்தியமும் பெண்கல்வியும் வீடு வீடாக நடந்த மருத்துவ மாதரின் உழைப்பும் அத்தொகையைப் பத்தை ஒட்டிய அளவுக்கு இறக்கிவிட்டன. எஞ்சிய மரணங்களில் குறைமாதமும் பிறவிக்குறையும் இன்று முன்வரிசையில் நிற்கின்றன.

பிறவிக்குறையும் சேர்ந்த சிறு சிசுக்கள் ஏனையவற்றைவிட மிக அதிகமாக இறக்கின்றன என்பது மெய்யே. ஆனால், சிகிச்சையை நிறுத்தியதால் நேர்ந்த மரணங்களும் அந்தக் கணக்கில் கலந்து கிடக்கின்றன. பிழைக்காது என்று கைவிடுகிறோம், கைவிட்டதால் இறக்கிறது, அந்த இறப்பே அடுத்த சிசுவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது!

இயந்திரத்தை நிறுத்துவது எப்போதும் பாவம் என நான் வாதிடவில்லை. மூளையே உருவாகாமல் பிறந்த சிசுவைக் குழாய்களில் கட்டிவைப்பதில் கருணை இல்லை. தாயின் மார்பில் கிடந்து அது அடங்கட்டும். அங்கே அளவுகோல் சிசுவின் நோவு. கட்டில் போதாது, பணம் போதாது, ஊனமுற்ற பிள்ளையை யார் வளர்ப்பது என்பனவோ வேறு காரணங்கள். அவை சமுதாயம் பட்ட கடன். அதைச் சிசுவின் உயிரால் தீர்த்துவிட்டு அறவியல் என்று பெயர் சூட்டுவது அடாது.

வெருகல் கரையிலிருந்து வந்த தாயிடம், "உங்கள் விருப்பம் என்ன அம்மா?" என்று கேட்கும் வைத்தியர், ஊர் திரும்பியபின் அப்பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை நிலையம், எந்தப் பள்ளிக்கூடம், அங்கே போக எந்த பஸ் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர். அப்படிக் கூற அவர் கையில் நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?