தூங்கியவரோடு ஓர் உடன்படிக்கை

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிராமுக்குச் சந்ததியை வாக்களிக்கிறார். அங்கே ஆபிராம் செய்யும் வேலை மிகக் கொஞ்சம். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே பிளந்து, துண்டங்களை எதிரெதிராக அடுக்கிவிட்டுக் காத்திருக்கிறார். பிணந்தின்னிப் பறவைகள் இறங்க, அவற்றை விரட்டுகிறார். பொழுது சாயும் நேரத்தில் அயர்ந்து தூங்கிவிடுகிறார்.

உடன்படிக்கை செய்பவர்கள் அப்படிப் பிளந்த துண்டங்களுக்கு நடுவே நடப்பது அன்றைய வழக்கம். சொன்ன சொல் தவறினால் தனக்கும் இதே கதி என்று அர்த்தம். எரேமியா 34லும் இந்த வழக்கம் வருகிறது. ஆனால் இங்கே நடுவே கடந்துபோவது கடவுளின் அடையாளமான புகைகிற சூளையும் தீப்பந்தமும் மட்டுமே. ஆபிராம் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. பொறுப்பு முழுவதும் கடவுள் தலையில்.

அப்போஸ்தலன் பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது பிடித்துக்கொள்வது இந்த வாக்குத்தத்தத்தைத்தான். கலாத்தியா இன்றைய துருக்கியில் இருந்த பகுதி. அங்கே யூதரல்லாத விசுவாசிகளை விருத்தசேதனம் செய்துகொள்ளச் சொன்னார்கள் சிலர். பவுல் கொதித்துப்போனார். ஆபிராமுக்கு வாக்குத்தத்தம் வந்து 430 வருஷம் கழித்துத்தான் நியாயப்பிரமாணம் வந்தது. உறுதியாகிவிட்ட உயிலில் பின்னால் வந்து யார் ஷரத்து சேர்ப்பது என்பது அவர் கேள்வி.

இதை வைத்து யூத மதமே புண்ணியக் கணக்கு மதம் என்று பிரசங்கம் செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சீனாய் மலைக் கட்டளைகள் வந்ததே செங்கடலைக் கடந்த பிறகுதான். அடிமைகளுக்கு முதலில் விடுதலை, அப்புறம்தான் சட்டம். இ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் 1977இல் இதை விரிவாக எழுதியபின் பவுலைப் படிக்கும் விதமே மாறியது.

கணக்குப் பார்க்கும் புத்தி எந்த மதத்துக்கும் தனிச்சொத்து இல்லை. 1505இல் இடிமின்னலுக்குப் பயந்து நேர்ந்துகொண்டு துறவியான மார்ட்டின் லூதர், சில நாள் ஆறு மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்வாராம். அவ்வளவு சொன்ன பிறகும் விட்டுப்போன பாவம் ஏதாவது இருக்குமோ என்ற பயம் போகவில்லை. பிறகு மீட்பு கிருபையால்தான் என்று போதித்த அவர் வழிவந்த மிஷனரிகள் 1706இலேயே தரங்கம்பாடியில் இறங்கிவிட்டார்கள். ஆனாலும் நம் சபைகளில் இன்றைக்கும் சாட்சி சொல்ல எழுந்தால், எத்தனை நாள் உபவாசம் இருந்தோம் என்பதில்தான் பலரும் ஆரம்பிக்கிறோம். இலவசமாகக் கிடைத்தது என்று சொல்ல நமக்குக் கூச்சம். உழைத்துப் பெற்றதாகச் சொன்னால் கொஞ்சம் தலைநிமிர்ந்து நிற்கலாம் அல்லவா?

அப்படியானால் கிரியைகளே வேண்டாமா என்று யாக்கோபின் நிருபத்தைக் காட்டிக் கேட்பார்கள். மகனைப் பலியிட மலையேறிய ஆபிரகாமை, அதாவது பின்னால் பெயர் மாறிய அதே ஆபிராமை, யாக்கோபு உதாரணம் காட்டுகிறார். லூதருக்கு அந்த நிருபம் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. அந்த மலையில் ஏறும்போது ஆபிரகாமிடம் வாக்குத்தத்தத்தின் பிள்ளை ஏற்கெனவே இருந்தான். விறகைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து வந்தவனும் அவன்தான்.