நம் முழங்காலுக்காக வலி தாங்கும் பிராணிகள்



இன்று நம் பள்ளிகளில் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. அவற்றில் அமர்ந்து தொழுபவர்களில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களும் உண்டு. அந்தச் செயற்கை மூட்டில் கிருமி தொற்றிவிட்டால் பெரும் சோதனை. உலோகத்தின் மேல் பிசுபிசுப்பான படலமாகக் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். மருந்து அவற்றை எளிதில் கொல்லாது. பலருக்கு மூட்டையே கழற்றி, தொற்று தீர்ந்த பிறகு மறுபடியும் பொருத்த வேண்டியிருக்கிறது.

இதற்கு மருந்து தேடிய வழியில் பிராணிகள் இருக்கின்றன. 1982ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கினிப் பன்றியின் தோலுக்கடியில் துளையிட்ட சிறு குழல்களைப் பதித்தார்கள். பெயரில்தான் பன்றி, அது எலி வகையைச் சேர்ந்தது. உடலுக்குள் வெளிப்பொருள் இருந்தால் தொற்று பிடிக்க வெறும் நூறு கிருமிகளே போதும் என்று கண்டார்கள். பின்னர் ரிஃபாம்பிசின் மருந்தும் இதே பிராணியில் சோதிக்கப்பட்டது. உடலில் உலோகம் பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1998ல் வெளிவந்தது. அந்த மருந்தையும் சேர்த்துச் சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமானார்கள்; அது இல்லாமல் முடித்த 12 பேரில் 7 பேர்தான்.

இது ஆகுமானதா? வேறு வழியில்லாத தேவைக்குக் கூடும் என்பதே இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. ஆனால் ‘கூடும்’ என்ற சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

அபூதாவூதில் வரும் ஒட்டகத்தின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் யாரென்று விசாரித்தார்கள். பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று அவரைக் கண்டித்தார்கள். வேலை வாங்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. தேவைக்கு மேல் கொடுத்த வேதனைதான் விசாரணைக்கு வந்தது.

முயலின் எலும்பில் கிருமியைச் செலுத்தும்போதும் இதே கேள்விதான். சில வலி நிவாரணிகள் வீக்கத்தையும் குறைத்து ஆய்வின் முடிவை மாற்றிவிடும் என்று தவிர்க்கிறார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் ப்யூப்ரினார்ஃபின் போன்ற வேறு வகை மருந்து இருக்கும்போது, பிராணியை வலியிலேயே விட்டுவிட அது காரணமாகுமா? எத்தனை பிராணிகள் தேவையென்று கணக்கிடாமல் தொடங்கி, விடையே கிடைக்காமல் போன ஆய்வுக்கு என்ன பதில்? பட்டத்துக்காக, விடை தெரிந்ததையே திரும்பச் செய்வதும் அப்படித்தான்.

ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். முயல் வலியை மறைக்கும் பிராணி, சத்தம் போடாது. தீனி எடுக்காமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் அதுதான் அடையாளம். இரவு ஊசி உங்கள் முறை என்றால், இஷா முடிந்ததும் போய்ப் பாருங்கள்.