மாறாத குழாய்

பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்த குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது காற்றின் அழுத்தம்தான் என்றால், மலை உச்சியில் பாதரச மட்டம் இறங்கியாக வேண்டும். ஏனெனில் அங்கே நம் தலைக்கு மேல் உள்ள காற்று குறைவு.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் இந்தக் கணிப்பைச் சோதிக்க, 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்காள் கணவர் பெரியே, பியூய் த தோம் மலையில் ஏறினார். புறப்படும் முன், கிளெர்மோன் நகர மடத்துத் தோட்டத்தில் இத்தகைய இரண்டு குழாய்களை நிறுத்தி, இரண்டிலும் பாதரச மட்டம் ஒன்றே என்று உறுதிசெய்தார். ஒரு குழாயை அங்கேயே விட்டு, நாள் முழுக்கக் கவனிக்க ஒரு துறவியை அமர்த்தினார்.

மற்றக் குழாயை மேலே கொண்டுசென்றார். உச்சியில் அதன் மட்டம் சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்தது. திறந்த வெளியில், சிறு தேவாலயத்துக்குள், காற்றில், பனிமூட்டத்தில் என மறுபடியும் மறுபடியும் அளந்தார். அதே அளவு! கீழே இருந்த குழாயிலோ மாற்றமே இல்லை. அதனால்தான், 'அன்றைய வானிலை மாறியிருக்கும்' என்று எவரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. உயரமே காரணம் என்பது உறுதியானது.

மாணவர்களே, ஆய்வகத்தில் ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றை மாற்றாமல் வையுங்கள். ஒருமுறை கிடைத்த விடையோடு நிற்காமல் திரும்பவும் அளந்து பாருங்கள். ஊகத்தை அறிவியலாக உயர்த்துவது இந்தப் பொறுமைதான்.