புதியவனின் சாட்சியம்

போன வருடம் பனி விழ ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் புரொஜெக்டர் திரை கட்டியிருந்தார்கள். பந்தி மேசைகளில் வரிசையாகப் பையன்கள். ஒவ்வொருவர் கையிலும் போன், பக்கத்தில் பவர் பேங்க். பிஜிஎம்ஐ போட்டி. நான்கு பேர் கொண்ட 16 அணிகள், மொத்தம் 64 பேர். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தேன். விரல் விறைத்தால் குறி தப்பும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று நான் நிருபர். நண்பர் ஒருவர் சிறிய மாத இதழ் நடத்துகிறார். “நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, போய்ப் பாத்து எழுதிட்டு வாயேன்” என்றார். நான் பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். கடைசியாக ஆடிய மொபைல் கேம் நோக்கியா போனில் வந்த பாம்பு. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நண்பரிடமும் சொல்லவில்லை, மண்டபத்திலும் யாரிடமும் சொல்லவில்லை.

போவதற்கு முன் தேடிப் படித்தேன். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இதற்கு நடுவில், 2022 டிசம்பரில், இஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் அரசு சேர்த்தது. இந்திய வடிவத்தில் ஆளைச் சுட்டால் வரும் ரத்தம் பச்சை நிறம். ‘கில்’ என்று சொல்வதில்லை, ‘ஃபினிஷ்’. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். இவ்வளவும் நோட்டில் இருந்தது. ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது என்பது மட்டும் இல்லை.

பார்த்தது இதுதான். எல்லோரும் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள், துப்பாக்கி தேடுகிறார்கள், பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, வெளியே நின்றால் உயிர் குறைகிறது. ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் திரை ஒரு பையனைக் காட்டியது. அவன் அணியில் இரண்டு பேர் செத்தாயிற்று. அவன் ஒரு வீட்டின் மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் குனிந்தபடி ஏழெட்டு நிமிடம் அசையவே இல்லை. கீழே ஆட்கள் ஓடினார்கள். சுடவில்லை. ஒரு கட்டத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் வருவதற்கு முன்பே துப்பாக்கியை அங்கே திருப்பினான். நோட்டில் ‘ஏமாற்றா?’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் பெரிதாக்கினேன்.

இடைவேளையில் பேசினேன். பத்தொன்பது வயது. எஸ்டேட் லைன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்பதால் மேட்டில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பயிற்சி செய்வானாம். எனக்குக் கட்டுரை கிடைத்துவிட்டது.

மறுமாதம் அச்சில் வந்தது. பாறை இருந்தது, பனி இருந்தது, அம்மாவின் விரல்கள் இருந்தன. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய வரலாறு ஒரு பத்தி இருந்தது. அவன் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கக்கூட இல்லை. ஆட்டத்தைப் பற்றி நான்கு வரி. அதில் ஒரு வரி: சக வீரர்கள் வீழ்ந்தபின் அவன் பயந்து ஒரு மாடியில் ஒளிந்துகொண்டான்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

“அண்ணா, நான் ஒளியலண்ணா.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். ஆட்டத்தின் பதிவை போனில் ஓட்டிக்காட்டினான். முதல் இடத்துக்கு 10 புள்ளி, இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கு 5. அப்படியே இறங்கி எட்டாவதுக்கு 1. ஒரு ஆளை வீழ்த்தினால் 1. அந்த இரண்டு பேர் செத்தபோது எட்டு அணிகள் உயிரோடு இருந்தன. மாடியிலிருந்து ஒரு குண்டு சுட்டால் ஒரு புள்ளி கிடைக்கலாம். ஆனால் அவன் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சுடாமல் இருந்தால், கீழே மற்றவர்கள் ஒருவரையொருவர் முடிக்க முடிக்க அவன் அணி ஒவ்வொரு படியாக மேலே போகும். மூன்றாவது இடத்தில் முடித்தார்கள். அந்த ஏழெட்டு நிமிடத்தில்தான் அவன் அணி இறுதிச்சுற்றுக்குப் போனது.

“சுவத்துக்குப் பின்னாடி வந்தவன் எப்படித் தெரிஞ்சான்?” என்றேன்.

ஒரு இயர்போனை என் காதில் வைத்தான். இடது காதில் மெல்லிய காலடிச் சத்தம். படியில் ஏறுகிற சத்தம் வேறு, மண்ணில் நடக்கிற சத்தம் வேறு.

அந்தக் கேள்விக்குறியை நினைத்து உடம்பு கூசியது. 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் ஒரு கவுன்டர் ஸ்டிரைக் போட்டி நடந்தது. ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் குறிபார்க்க உதவும் மென்பொருளை ஓடவிட்டிருந்தது அங்கே ஆட்டத்தின் நடுவே பிடிபட்டது. அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. அங்கே சந்தேகப்பட்டவர்களுக்கு ஆட்டம் தெரியும். எனக்குத் திறமையும் திருட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன, பொறுமையும் பயமும் ஒன்றுபோலத் தெரிந்தன.

கிளம்பும்போது அவன் சொன்னான்: “அம்மா படிச்சுச்சுண்ணா. பயந்துக்கிட்டு எதுக்குடா இதுக்கெல்லாம் போறன்னு கேக்குது. முன்னாடி அதுதான் அப்பாகிட்டப் பேசி என்னைய அனுப்பும்.”

நான் பொய் எழுதவில்லை. மாடி, அசையாமை, சுடாமை எல்லாம் நடந்தவை. ‘பயந்து’ என்ற ஒரே ஒரு சொல்தான் என்னுடையது. அந்தச் சொல் போய் அவன் அம்மாவின் மனதில் உட்கார்ந்துகொண்டது.

ஜேனட் மால்கம் 1990இல் ‘தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்’ என்ற புத்தகம் எழுதினார். நிருபர் ஒருவரிடம் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு அதையே காட்டிக்கொடுக்கிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. விஷயம் தெரிந்த நிருபரைப் பற்றிய குற்றச்சாட்டு அது. தெரியாத நிருபர் வேறு வகையில் கெடுக்கிறார். கண்ணுக்கு முன்னால் நடப்பது புரியாதபோது, புரிந்த ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடுகிறார். எனக்குப் புரிந்தது வறுமை. படித்தவனுக்கு அது எப்போதும் கைவசம் இருக்கும். ஆட்டக்காரனைப் பார்க்கப் போய், ஏழைத்தாயின் மகனைப் பார்த்துவிட்டு வந்தேன். அதை இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அப்படியானால் தெரியாதவன் எழுதவே கூடாதா? சில வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் தெரிந்தவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்றால், அது ஆட்டம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் புரியும். அந்த அம்மாவுக்கு அவர் மகன் என்ன செய்கிறான் என்று சொல்ல ஒருவருமே இருக்கமாட்டார்கள். தெரியாதவனின் கேள்வியும் தேவைப்படுகிறது. ஆனால் தெரியாது என்பதை அவன் மறைக்கக்கூடாது.

எங்கள் மலையில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1875இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லெயின் என்ற இளம் ராணுவ அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் ஆடிப்பார்த்தார். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் வேறு.) ‘ஸ்னூக்கர்’ என்பது அப்போது ராணுவப் பள்ளியின் முதலாண்டு மாணவர்களைக் கேலி செய்கிற சொல். கத்துக்குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். எளிய பந்தைத் தவறவிட்ட ஒருவரை சேம்பர்லெயின் அப்படி அழைத்தாராம். அவர் முகம் வாடியதைப் பார்த்து, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தானே என்று சமாதானம் சொன்னாராம். பெயர் நிலைத்தது. 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

கத்துக்குட்டி என்று அடுத்தவரைச் சொன்னபோது அது வசை. தன்னையும் சேர்த்துக்கொண்டபோது அது ஒரு ஆட்டத்தின் பெயராகிவிட்டது. ஆனால் அந்த அறையில் டீ கொண்டுவந்து வைத்தவர்களின் பெயர் நான் படித்த எந்த வடிவத்திலும் இல்லை. நானும் அப்படித்தான் செய்தேன் என்று தோன்றுகிறது. அந்த அம்மாவின் விரல்களை எழுதினேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும் என்றேன். “யாருப்பா கவனிச்சா?” என்றார் நண்பர். ஒருவர் கவனித்திருக்கிறார் என்றேன். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது என்ற வாக்கியத்தில் தொடங்கி, புள்ளிக் கணக்கை விளக்கி, அவர் பயப்படவில்லை, காத்திருந்தார் என்று முடித்து, அச்சுக்கு முன் அவனுக்கு அனுப்பினேன்.

இரவு பதில் வந்தது. ஒரே ஒரு திருத்தம். “கொஞ்சம் பயமாத்தாண்ணா இருந்துச்சு. அதையும் போடுங்க. ஒளியலன்னு மட்டும் போட்டா போதும்.”

அப்படியே போட்டோம். அந்த இதழில் ஒரு பிரதியை அம்மாவுக்கென்று தனியாக வாங்கிக்கொண்டு போனான். அவர் என்ன சொன்னார் என்று இதுவரை அவன் சொல்லவில்லை. இந்தமுறை நானாக எதையும் எழுதிக்கொள்ளப்போவதில்லை.