மடக்குக்கத்தியும் மனிதனும்

கத்தியைப் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டுமா என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் ஒரு கத்தியைக் காட்டியே மனிதனுக்கு அடிமை விலங்கு பூட்டிய பேரறிஞரும் உலகில் இருந்திருக்கின்றார். ஆதலின் மற்றொரு கத்தியைக் கொண்டு அவ்விலங்கை அறுக்க முயல்வது குற்றமாகாது என எண்ணுகின்றோம்.

நம்மிடம் உள்ளது மிக எளியதொரு மடக்குக்கத்தி. பினாங்கில் சௌராஸ்தா சந்தைக்கு அருகே பத்து வெள்ளிக்கும் குறைந்த விலைக்கு வாங்கியது. மரப்பிடி, ஒரே அலகு. வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. அது மாம்பழம் நறுக்கிற்று. மூட்டைக் கயிறு அறுத்தது. பிள்ளைகளின் பென்சிலைச் சீவிற்று. ஒருநாள் எலுமிச்சம்பழம் அரிந்து, துடைக்காமலே மடக்கி வைத்துவிட்டோம். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த இவ்வூரில் புளிப்புப் பட்ட இரும்பு என்னாகும்? மறுவாரம் எடுத்துப் பார்த்தால் அலகெங்கும் துரு. “மலிவுச் சாமான் இப்படித்தான்” என்று வாய் முந்திக்கொண்டது. சற்றே நின்று யோசித்த பின்னர், குற்றம் கத்தியினுடையதன்று, துடைக்காத கையினுடையது என்பது விளங்கிற்று. சாணைக்கல்லில் தேய்த்து ஒரு துளி எண்ணெய் இட்டதும் அது பழையபடி வேலைக்கு வந்துவிட்டது. எளியோரிடம் ஒரு குறை கண்டதும் அவர்தம் பிறப்பைப் பழிக்கும் வழக்கமும் இவ்வாறு முந்திக்கொள்ளும் வாயிலிருந்தே பிறக்கின்றது போலும்!

முன்னே குறித்த பேரறிஞர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர் அரிஸ்டாட்டில். ‘அரசியல்’ என்னும் தம் நூலின் தொடக்கத்திலேயே டெல்பிக் கத்தி என ஒன்றை அவர் குறிப்பிடுகின்றார். பல வேலைக்கும் ஒன்றே போதுமென்று கொல்லர் சிக்கனமாய்ச் செய்த கத்தி அது. இயற்கை அக்கொல்லரைப்போல் கஞ்சத்தனம் செய்வதில்லை, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பயனுக்கென்றே படைக்கின்றது என்பது அவர் கருத்து. இம்மட்டோடு நின்றிருந்தால் நமக்கு வழக்கில்லை. இதனைக் கொண்டே பெண் ஒரு பயனுக்கும் அடிமை வேறொரு பயனுக்குமாக இயற்கையால் வகுக்கப்பட்டவர் என்கின்றார். பிறவியிலேயே அடிமையானவரும் உண்டு என்று மேலும் நிறுவ முற்படுகின்றார். வருணாச்சிரமம் பேசிய நம்மவர் அவரிடம் பாடம் கேட்டவரல்லர். ஆயினும் இருவர் வாயிலும் ஒரே பேச்சு!

ஒரு வேலைக்கு ஒரு கருவி என்பதில் உண்மையே இல்லையா? உண்டு. பால்மரம் சீவும் கத்தியைத் தோட்டத்து வாசகர் நன்கறிவர். அது பட்டையை மெல்லியதாய்ச் சீவும், உள்மரத்தைத் தொடாது. நம் மடக்குக்கத்தியால் அதைச் செய்யப் புகுந்தால் மரம் புண்ணாகும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாய் வளரும். ஆகவே தனித்தொழிலுக்குத் தனிக்கருவி சிறந்ததே. ஆனால் மரம் சீவி முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதே கை பிள்ளையைத் தூக்குகின்றது, பத்திரிகையைப் பிரிக்கின்றது, சங்கத்தில் கையெழுத்திடுகின்றது. ஒரே வேலை என்பது கருவிக்கு, கைக்கன்று. கருவியின் இலக்கணத்தைக் கைக்குச் சூட்டியதே அவ்வறிஞரின் பிழை. அப்பன் பிடித்த கத்தியை மகனும் பிடிக்கட்டும் என்று தோட்டங்களில் எழுந்த பேச்சும் அப்பிழையின் பிள்ளையே.

‘பேனாக்கத்தி’ என்னும் பெயரையே பாருங்கள். இறகை எழுதுகோலாகச் சீவிய காலத்தில் எழுந்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டில் எஃகு முனைப் பேனா பரவியதும் தொழில் போயிற்று. பெயர் மட்டும் நின்றது. இன்று அக்கத்தி வைத்திருப்பவனிடம் “இறகு மட்டுமே சீவு” என எவரும் கட்டளையிடுவதில்லை. ஆனால் தொழில் மறைந்து பல தலைமுறை ஆன பின்பும், சாதிப் பெயரைக் கேட்டு மனிதனுக்கு இடம் வகுப்போர் இன்னும் உளர். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. இதே பினாங்கில் வந்திறங்கிச் சுயமரியாதை பேசினார். அதன் பின்னும் கடல் கடந்து சுமந்து வந்த மூட்டையை முற்றும் இறக்கிவிட்டோமா? கத்திக்குக் கொடுத்த விடுதலையை மனிதனுக்குக் கொடுக்க மனமில்லையே!

அப்படியாயின், மடக்குக்கத்தியே மனிதனுக்கு உவமை, அவன் எவ்வேலைக்கும் உரியவன் என்று முடித்துவிடலாமா? நாமும் சிலகாலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒருநாள் கத்தி முனையால் திருகாணி ஒன்றைத் திருகினோம், முனை ஒடிந்தது. எதற்கும் உதவும் என்ற புகழே அதற்குக் கேடாயிற்று. “எந்த வேலை சொன்னாலும் செய்வான்” என்று முதலாளி மெச்சும் ஆள் படும் பாடும் இதுவே. ஒரே பயனுக்கென்று மனிதனைப் பிணைப்பதும் அடிமைத்தனம். எல்லாப் பயனுக்கும் என்று பிழிவதும் அடிமைத்தனம். பயனை வகுப்பவன் வேறொருவனாய் இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. கத்திக்குத் தன் வேலையைத் தேர்ந்துகொள்ளும் உள்ளம் இல்லை, மனிதனுக்கு உண்டு. அவ்வுள்ளத்தை மதிப்பதற்கே சுயமரியாதை என்று பெயர்.

பெற்றோர்களே! பிள்ளைகள் எதற்குப் பயன்படுவர் என்று கணக்கிடுமுன், அவர் எதை விரும்புகின்றனர் என ஒருமுறை கேளுங்கள். முனை ஒடிந்த கத்தி இன்னும் நம் மேசைமேல் இருக்கின்றது. நம் வீட்டுப் பெண்குழந்தை வந்து கேட்கும்போதெல்லாம் அதனால் பென்சில் சீவிக் கொடுக்கின்றோம். அப்பென்சிலால் அவள் என்ன எழுதவேண்டும் என்பதை நாம் வகுக்கப் புகுவதில்லை.