பரதன் சுமந்த பாதுகையும் பறித்தவர் சூடிய முடியும்

ஸ்ரீ:

பெருமாளை ஸேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் பெற்ற பின் நாம் தலைகுனிந்து நிற்கிறோம். அர்ச்சகர் ஸ்ரீசடாரி சாதிக்கிறார். எம்பெருமானின் திருவடிநிலை ஒரு கணம் நம் முடிமேல் அமர்ந்து எழுகிறது. அந்தத் திருவடிநிலையைத்தான் ஸ்ரீபரதாழ்வான் சித்திரகூடத்திலிருந்து தலைமேல் தாங்கிக்கொண்டு மீண்டான். தாம்பரத்திலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் பொத்தேரிக்கு வந்து கூடியிருக்கும் அன்பர்கள் பன்முறை கேட்ட சரிதம்தான் இது. ஆயினும் அரசுரிமையைப் பற்றி அதில் அடங்கியுள்ள நுட்பத்தை, நாடு பறித்த மன்னர்களின் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்க்கையில்தான் நன்கு உணர்கிறோம்.

பரதனிடம் என்ன குறை இருந்தது? தந்தை கொடுத்த வரம் இருந்தது. கைகேயியை மணந்த காலத்திலேயே அவள் வயிற்று மகனுக்கு நாடு என்று தசரதன் வாக்களித்திருந்ததாக ஸ்ரீராமபிரானே சித்திரகூடத்தில் எடுத்துரைக்கிறார். குலகுருவாகிய வசிஷ்டரும் மந்திரிகளும் முடிசூடுக என்று வேண்டினர். காடேகிய தமையனும் நீயே ஆள்க என்கிறார். இன்றைய வழக்குமன்றத்தில் வைத்தாலும் பரதன் பக்கமே தீர்ப்பாகும்! அவனோ, அபிஷேகத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பொருள்களை வலம்வந்து வணங்கிவிட்டு, இவை என் அண்ணனுக்குரியவை என்று காட்டுக்குப் புறப்பட்டான். வழியில் குகன் ஐயுற்றான். பரத்வாஜ முனிவரும் ஐயுற்று வினவினார். மரமேறிப் படையைக் கண்ட இளைய பெருமாளோ வில்லெடுக்கவே துணிந்தார். குற்றமற்றவன்மீது இத்தனை ஐயம் ஏன்? படையோடு வருபவன் நாடு கொள்ளவே வருவான் என்பது உலகத்தின் அனுபவம். அந்த அனுபவம் பொய்யன்று.

கம்ஸன் பெற்ற தகப்பனாகிய உக்ரசேனனைச் சிறையிலிட்டு மதுரையின் அரியணை ஏறினான். அவனை வதைத்த கண்ணபிரான் அதே ஆசனத்தில் அமர்ந்திருந்தால் தடுப்பார் எவர்? யதுகுலத்தார்க்கு யயாதியின் சாபமுண்டு என்று சொல்லி, கிழவன் உக்ரசேனனையே மீண்டும் அமர்த்தி, தான் ஏவல் செய்பவனாய் நின்றான். கொடியவனை நீக்கியது அவன் இடத்தைத் தனக்கு உரியதாக்காது என்பதை எம்பெருமான் தானே நடந்து காட்டினான்.

இனி, சொல்லச் சற்றே கூச்சம் தரும் ஒரு செய்தி. நாடு பறித்தவர் எல்லாரும் கம்ஸனைப் போன்ற துஷ்டர்கள் என்று எண்ணிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். விஜயநகரத்து சாளுவ நரசிம்மன் அப்படிப்பட்டவன் அல்லன். சந்திரகிரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அவன் திருவேங்கடமுடையானுக்குச் செய்த கைங்கர்யம் பெரிது. யாத்ரிகர்கள் பசியாற இராமாநுஜ கூடங்கள் அமைத்து, அவற்றைக் கந்தாடை இராமாநுஜ ஐயங்கார் பொறுப்பில் விட்டதைத் திருமலைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அத்தகையவன் 1485ஆம் ஆண்டில் சங்கம வம்சத்துக் கடைசி மன்னனை ஓட்டிவிட்டுத் தானே முடிசூடினான். அரசன் திறமையற்றவன், நாடு சிதறிக்கொண்டிருந்தது, இவன் காப்பாற்றினான் என்று சரித்திர ஆசிரியர்கள் சமாதானம் சொல்லுவர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். 1491இல் அவன் இறக்கும்போது இரு சிறுவர்களைத் தன் தளபதி நரச நாயக்கனிடம் ஒப்படைத்தான். மூத்தவன் கொல்லப்பட்டான். இளையவன் இம்மடி நரசிம்மன் பெயருக்கு மன்னனாய்ப் பெனுகொண்டாவில் காவலில் கிடந்து, 1505இல் அவனும் கொல்லப்பட, நரச நாயக்கனின் மகன் வீர நரசிம்மன் அரசன் ஆனான். தகப்பன் திறந்துவிட்ட வாசல் வழியே பிறர் நுழைந்தபோது, தடுப்பதற்குப் பிள்ளைகளிடம் எந்த நியாயமும் எஞ்சியிருக்கவில்லை. (அதே 1485ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில், அண்ணன் மகனிடமிருந்து முடியைப் பறித்திருந்த மூன்றாம் ரிச்சர்டு போர்க்களத்தில் மாண்டான். கடல் நடுவே கிடந்தாலும் கதை ஒன்றே.)

அப்படியானால் அவன் அளித்த நிவந்தங்களைப் பெருமாள் ஏற்கவில்லையா என்று கேட்கலாம். ஏற்றார். பசித்து வந்த அடியார்கள் உண்டார்கள். அதனால் அரியணைக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார் என்று ஆகாது. தாளப்பாக்கம் அன்னமாசார்யரைப் பற்றி, அவருடைய பேரர் சின்னன்னா எழுதிய சரிதத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வேங்கடவனைப் பாடியது போலத் தன்னையும் பாடவேண்டும் என்றானாம் நரசிம்மராயன்; அரிக்கன்றி நரனுக்கு என் நா அசையாது என்று அவர் மறுக்க, விலங்கிட்டானாம். நாட்டைப் பெற்றவனுக்குப் பாட்டும் வேண்டியிருந்தது!

நம் தொண்டை மண்டலத்திலேயே நடந்ததைக் கேளுங்கள். அரவீடு வம்சத்து வேங்கடபதி ராயர் 1614இல் காலமானார். தம் தமையன் மகன் ஸ்ரீரங்கனுக்கு முடி என்று அவர் நியமித்திருந்தார். கொப்பூரி ஜக்கராயன் என்பவன் அரசியின் உடன்பிறந்தவன். அரசியின் மகன் என்று சொல்லப்பட்ட ஒரு சிறுவனே உண்மை வாரிசு என்று வாதாடி, ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையில் அடைத்தான். அந்தச் சிறுவன் ராயருக்குப் பிறந்தவன் அல்லன் என்பது அக்காலத்துப் போர்த்துக்கீசியப் பாதிரி பர்ராதாஸ் எழுதி வைத்த செய்தி. இவனிடமும் வாளோடு ஒரு வாரிசுரிமைக் கதை இருந்தது காண்மின். வேலுகோட்டி யாசம நாயக்கர் ஒருவரே முதலிலிருந்து உடன்படாமல் நின்றவர். சிறையிலிருந்த பிள்ளைகளுள் ராமன் என்ற சிறுவனை ஒரு வண்ணார் அழுக்குத் துணி மூட்டையில் ஒளித்து வெளியே கொண்டுவந்து சேர்த்தார். எஞ்சியோர் அனைவரையும் ஜக்கராயன் கொன்றுபோட்டான். 1616இல் கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும்போரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் துணைநிற்க, ஜக்கராயன் மடிந்தான். மூட்டையில் வந்த சிறுவனே ராமதேவராயன் ஆனான். கோட்டைக்குள் இருந்த பிரபுக்கள் எத்தனை பேரோ! தர்மத்தைச் சுமந்தது வண்ணாரின் தோள். அவர் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் காலத்தில் முடி இல்லை. ஆனாலும் பறிப்பு ஓயவில்லை. பறிப்பவர் இப்போது நாள் குறித்துப் பேசுகிறார். 1977 ஜூலையில் பாகிஸ்தானத்தில் ஆட்சியைக் கைப்பற்றிய சேனாபதி ஜியா-உல்-ஹக் 90 நாளில் தேர்தல் என்றார். 1988 ஆகஸ்டில் விமான விபத்தில் இறக்கும்வரை அதிகாரத்தை விடவில்லை. 2021 பிப்ரவரியில் பர்மாவில் படைத்தலைவர்கள் ஓராண்டுக்கென்று அறிவித்த நெருக்கடி நிலை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

பரதனும் நாள் குறித்தான். பதினான்காண்டு நிறைந்து நீர் வாராவிடில் தீப்புகுவேன் என்று தன் உயிரையே ஈடு வைத்தான். அயோத்திக்குள் புகாமல் நந்திக்கிராமத்தில் மரவுரியும் சடையுமாய் இருந்து, அரசாங்கக் காரியம் ஒவ்வொன்றையும் பாதுகையின் முன் விண்ணப்பித்துச் செய்தான். ஸ்வாமி தேசிகன் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்களால் பாதுகையையே பாடினார் என்றால், அது அமர்ந்து ஆண்ட ஆட்சியின் பெருமை அத்தகையது.

இலங்கையிலிருந்து மீளும்போது பெருமாள் செய்ததுதான் இந்தச் சரிதத்தில் அடியேனை மிகவும் நெகிழ்விப்பது. நேரே ஊருக்குள் போகவில்லை. அனுமனை முன்னே அனுப்பி, என் வரவைச் சொல்லும்போது பரதனின் முகக்குறிப்பைப் பார்த்து வா. அவனுக்கு நாட்டில் விருப்பமிருந்தால் அவனே ஆளட்டும் என்றார். தம்பியை ஐயுற்றார் என்று சிலர் இதற்குப் பொருள் சொல்வர்; அடியேனுக்கு அது சம்மதமில்லை. பதினான்காண்டு ஆண்டவன் ஆசைப்பட்டால் அதையும் தாங்கி, வந்த வழியே திரும்ப அவர் ஆயத்தமாயிருந்தார். அனுமன் சென்று கண்டது, இளைத்த மேனியனாய், அண்ணன் வருகிறார் என்ற சொல் கேட்டு மகிழ்ச்சியால் மயங்கி விழுந்த ஒருவனை.

பின்பு பரதன் அந்தப் பாதுகைகளைத் தன் கையாலேயே பெருமாளின் திருவடிகளில் அணிவித்தான். அடைக்கலமாகத் தந்த நாட்டைத் திருப்பித் தருகிறேன். பொக்கிஷத்தையும் களஞ்சியத்தையும் சேனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவரீர் தேஜஸினால் எல்லாம் பத்து மடங்காகியிருக்கிறது என்று கணக்கு ஒப்புவித்தான்.