நான் இங்கேதானே இருந்தேன்

கேம் பற்றி நம் இதழில் எழுதினால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். "எஸ்.பி.எம். வருது, இதுல கேம் வேறயா?" என்று என் அம்மாவே கேட்டவர்தான். இப்போது அதே கேம்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது, அதனால் அம்மா கொஞ்சம் அமைதியாகிவிட்டார். நான் எழுத வந்தது ஒரு நியாயத்தைப் பற்றி. வேலையிடத்தில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து அது தொடங்குகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன கேம் நிறுவனம். மொத்தம் 11 பேர். எனக்குக் கோடிங் தெரியாது, படம் வரையவும் வராது. விளையாடுகிறவர்களோடு பேசுவதுதான் என் வேலை. அவர்கள் சொல்லும் குறைகளை உள்ளே சொல்ல வேண்டும், உள்ளே நடப்பதை வெளியே சொல்ல வேண்டும். எங்கள் கேமில் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரைக் கட்டி எழுப்ப வேண்டும். பாலம், சந்தை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வளரும். பொறுமைசாலிகளுக்கான விளையாட்டு. ஓர் ஊரை முழுதாகக் கட்ட 100 மணி நேரமாவது பிடிக்கும்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஃபோரம் உண்டு. கேமின் முதல் திரையிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். "பிழை கண்டால் இங்கே வந்து சொல்லுங்கள்." அந்த வரியை எழுதியவன் நான்தான். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். பிறகு எக்ஸ், இன்ஸ்டாகிராம், டிஸ்கோர்ட் என்று எல்லாரும் நகர்ந்துவிட, ஃபோரத்தில் ஒரு 40 பேர்தான் மிச்சம். அவர்களில் ஒருவர் கூலிமில் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்க்கிற அண்ணன். காலையில் வேலை முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் விளையாடுவார். இரண்டு வருடமாக எங்களுக்குப் பிழைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். சும்மா "கேம் ஓடல" என்று எழுதுகிற ஆள் இல்லை. எந்தத் தேதி, எந்தக் கட்டடம், எதை அழுத்தியதும் நின்றுபோனது, எல்லாம் வரிசையாக, படத்தோடு. எங்கள் புரோகிராமர் காலையில் வந்ததும் அவருடைய பதிவைத்தான் முதலில் திறப்பார்.

சென்ற ஆண்டு ஒரு பெரிய அப்டேட் வந்தது. விளையாட்டைச் சேமித்து வைக்கிற கோப்பின் அமைப்பே மாறியது. பழைய ஊரைப் புதிய பதிப்பில் திறந்தால் கெட்டுப்போகும். வழி ஒன்று இருந்தது. அப்டேட் வருவதற்கு முன்பே கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பதிப்பிலேயே தொடரலாம். வியாழக்கிழமை மாலை இதை எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டேன். டிஸ்கோர்டில் நள்ளிரவு வரைக்கும் உட்கார்ந்து சந்தேகங்களுக்குப் பதில் சொன்னேன். நிறைய லைக், நிறைய நன்றி. ஃபோரத்தில் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். "அங்க யாரு இருக்கா, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள் வேறு வேலை வந்தது. திங்கட்கிழமை அப்டேட் வெளியானது.

செவ்வாய்க்கிழமை காலையில் கூலிம் அண்ணன் எழுதியிருந்தார். 212 மணி நேரம் கட்டிய ஊர் திறக்கவில்லை. அதையும் ஒரு பிழை என்று நினைத்து, வழக்கம்போலத் தேதி, படம் எல்லாம் சேர்த்து அனுப்பியிருந்தார். இது பிழை இல்லை, வியாழக்கிழமையே எக்ஸில் அறிவித்துவிட்டோமே என்று நான் பதில் போட்டேன். அந்தப் பதிவின் லிங்கையும் கொடுத்தேன். இன்று நினைத்தாலும் அந்த லிங்க் கொடுத்ததுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் ஒரே வரி எழுதினார். "நான் இங்கேதானே இருந்தேன் தம்பி."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். "ஃபோரம்ல 40 பேரு, இன்ஸ்டாவுல 9,000 பேரு. நீ 9,000 பேருக்குச் சொல்லிட்ட. ஒருத்தரு மிஸ் பண்ணிட்டாரு. அவ்ளோதான் லா" என்றார். கணக்கு சரிதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அந்தக் கணக்கில் என்ன தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குச் சில நாள் ஆனது.

9,000 பேரை நாங்கள் குறை சொல்ல அழைக்கவில்லை. போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவர்கள் அவர்கள். நான் போட்டது அவர்களுடைய கண்ணில் பட்டதா இல்லையா என்பதைக்கூட அந்தத் தளத்தின் கணினிதான் முடிவு செய்கிறது. கூலிம் அண்ணனை அழைத்தது நாங்கள். "இங்கே வந்து சொல்லுங்கள்" என்று எழுதி வைத்தோம், அவர் நம்பி வந்தார், இரண்டு வருடம் எங்களுக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். ஒருவரை ஓர் இடத்துக்கு வரச்சொன்னால், பதிலையும் அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டிய கடன் வரச்சொன்னவருக்கு இருக்கிறது. கடையில் புகார்ப் பெட்டி வைத்துவிட்டு, பதிலை எதிர்த்த மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? அங்கே கூட்டம் அதிகம் என்பது காரணமாகுமா?

(நம் கிளைகளிலும் இது நடக்கிறது. ஆண்டுக் கூட்ட அறிவிப்பைப் புலனக் குழுவில் தட்டிவிட்டு, பலகையில் ஒட்டாமல் விட்டுவிடுகிறோம். கேட்டால் "குரூப்ல போட்டோமே". சரி, விடுங்கள், அது வேறு கட்டுரை.)

பெரிய நிறுவனங்கள் ஃபோரத்தை விட்டுப் போவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பயோவேர் தன் ஃபோரங்களை 2016இல் மூடியது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் போர்ட்ஸ் பகுதியை ரயட் நிறுவனம் 2020 மார்ச்சில் மூடியது. ஃபோரம் நடத்துவது லேசான காரியமல்ல. வசைகளை நீக்க ஆள் வேண்டும், இரவிலும் பார்க்க வேண்டும், அதே நாலு பேர் அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆட்கள் வேறு இடத்துக்குப் போன பிறகு வெறும் மண்டபத்துக்கு வாடகை கட்டுவது எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூடுவது என்றால் சொல்லிவிட்டு மூடலாம், அதில் ஏமாற்று இல்லை. பலகையைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே ஆள் இல்லாமல் வைத்திருப்பதுதான் தப்பு. நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நல்லபடியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேண்டஸி 14இன் எண்ட்வாக்கர் வெளியானபோது, உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும்போதே பிழை எண் வந்து வெளியே தள்ளும், மறுபடி வரிசை. விளையாடிய என் நண்பர்கள் அந்த வாரம் பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. அதன் தயாரிப்பாளர் நவோக்கி யோஷிடா, லோட்ஸ்டோன் என்கிற அவர்களுடைய அதிகாரப்பூர்வத் தளத்தில் தன் பெயரிலேயே நீண்ட விளக்கங்கள் எழுதினார். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, அதனால் புதிய சர்வர்கள் வாங்க முடியவில்லை, இந்தப் பிழை இந்தக் காரணத்தால் வருகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். முதலில் 7 நாள், பிறகு மேலும் 14 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். புதிதாக விற்பதையே கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். எனக்குப் பிடித்தது மன்னிப்பு மட்டுமில்லை. சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் வழி தெரிந்த ஒரே இடத்தில் எல்லாம் இருந்தது. முகநூல் இல்லாதவருக்கும் முழுச் செய்தி கிடைத்தது. நாளைக்கு "நீங்க அப்படிச் சொன்னீங்களே" என்று கேட்டால் காட்ட அது அங்கேயே இருக்கும்.

இடம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2இல் டார்த் வேடரைத் திறக்க 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ரெட்டிட்டில் விளையாட்டாளர்கள் கொதித்தபோது, ஈ.ஏ. நிறுவனத்தின் ஆட்கள் அங்கேயே வந்துதான் பதில் சொன்னார்கள். ஆனால் அது பதிலே இல்லை, விளம்பரத்தாளில் இருந்து கிழித்த மாதிரி ஒரு பேச்சு. 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிர் வாக்குகள் விழுந்து, கின்னஸ் சாதனையாகவே பதிவானது. பிறகு விலையை 15,000 ஆகக் குறைத்தார்கள்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. சத்தம் அதிகமான இடத்துக்கு மட்டும் பதில் போனால், அமைதியாகப் பேசுகிறவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 நினைவிருக்கிறதா? கணினியில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. நம் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸில் அப்போது அந்தச் சேவையே இல்லை. அங்கே காசு கொடுத்து வாங்கியவர் என்ன செய்வார்? சில நாள்களில் ஸ்டீமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. முடிவைத் திரும்பப் பெறுவதாக எக்ஸில் ஓர் அறிவிப்பு வந்தது. அவர்கள் கேட்டது நியாயம், கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு தலைமுறையே, படம் போட்டுத் தேதி போட்டுப் பொறுமையாக எழுதினால் ஒன்றும் நடக்காது, கூட்டமாகச் சேர்ந்து அடித்தால்தான் நடக்கும் என்று பழகிக்கொண்டிருக்கிறது. அதைப் பழக்கியது எங்களைப் போன்றவர்கள்தான்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. கேம் செய்கிறவரும் மனுஷன்தானே? அவர் எப்போதும் நிறுவனத்தின் வாயாகவே இருக்க வேண்டுமா? 2018 ஜூலையில் கில்ட் வார்ஸ் 2 கதை எழுதிய ஒரு பெண், தன் சொந்த ட்விட்டர் கணக்கில் கதாபாத்திரங்களை எழுதுவது பற்றிச் சில கருத்துகளைப் பகிர்ந்தார். அந்த விளையாட்டை ஒளிபரப்புகிற ஒருவர் மரியாதையாகத்தான் மாற்றுக் கருத்து சொன்னார். என் வேலையை எனக்கே கற்றுக்கொடுக்கிறாயா என்று அவர் சூடாகத் திருப்பினார். சக ஊழியர் ஒருவர் அவருக்காகப் பேசினார். விளையாட்டாளர்கள் கொந்தளிக்க, சில நாள்களுக்குள் இருவரும் வேலையிழந்தார்கள். அரீனாநெட் நிறுவனத் தலைவர் அதை அதிகாரப்பூர்வ ஃபோரத்தில் அறிவித்தார்.

இதை நினைக்கும்போது நான் இரண்டு பக்கமும் போய் வருகிறேன். அவருடைய பேச்சு கடுமைதான். ஆனால் அது அவருடைய வீட்டு வாசல். அங்கே அவர் யாருக்கும் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை, யாருடைய காசும் நேரமும் அந்தப் பேச்சால் போகவில்லை. தன் ஊழியரைக் கண்டிப்பதென்றால் அறைக்குள் கூப்பிட்டுக் கண்டித்திருக்கலாம். விளையாட்டாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக வைத்த இடத்தில், கோபத்திலிருந்த கூட்டத்தின் முன்னால் அவரை நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் அலுவலகத்தில் படம் வரைகிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். ஒரு கதாபாத்திரத்தின் உடையை மாற்றியதற்கு அவளுடைய இன்ஸ்டாவில் வந்த வசவுகளை நான் பார்த்திருக்கிறேன். "நீ அங்க பதில் சொல்லவே வேணாம், அது உன் வீடு. கேட்கறவங்களை ஃபோரத்துக்கு அனுப்பு, நான் பார்த்துக்கறேன்" என்று இப்போது அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஃபோரம் என்று ஒன்று உயிரோடு இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். அது செத்துப்போனால் எங்கள் 11 பேருடைய சொந்தக் கணக்குகளும் புகார்ப் பெட்டிகளாகிவிடும்.

அரட்டை அடிக்கலாம், மீம் போடலாம், அதை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். விளையாடுகிறவரின் காசையும் நேரத்தையும் தொடுகிற விஷயம் என்றால், அது முதலில் ஃபோரத்தில் போக வேண்டும், மற்ற இடங்களில் அதற்கு லிங்க் போதும். இதை மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். "40 பேருக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டினார், ஆனால் நேர விரயம் என்றுதான் இன்னமும் நினைக்கிறார். அவர் நினைப்பது ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். ஃபோரத்தில் 40 பேர் இப்போது 43 ஆகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கூலிம் அண்ணனின் ஊரை எங்களால் மீட்க முடியவில்லை. புரோகிராமர் இரண்டு நாள் முயன்று பார்த்தார். நடந்ததை மறைக்காமல் ஃபோரத்தில் எழுதினேன். போட நினைத்ததையும், போடாமல் விட்டதையும் சேர்த்து. அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் ஆளையே காணோம். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் ஒரு பதிவு வந்திருந்தது. புது ஊர், 9 மணி நேரம் ஆகியிருக்கிறது. மழைக்காலத்தில் பாலத்தின் மேல் மாட்டுவண்டி நின்றுவிடுகிறது, தேதி இது, படம் கீழே. புரோகிராமரைக் கேட்டேன், காரணம் அவருக்கும் உடனே பிடிபடவில்லை. முன்பாக இருந்தால் விடை கிடைக்கும்வரை பேசாமல் இருந்திருப்பேன். "பார்த்துட்டோம் அண்ணே. ஏன்னு இன்னும் தெரியல. வெள்ளிக்கிழமை இங்கேயே எழுதறேன்" என்று போட்டேன்.

இன்று வியாழன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்கு அதையே எழுத வேண்டும்.